வயசுக்குத் தக்க மருந்து: மனச்சோர்வு மாத்திரையைப் பற்றி எலிகள் காட்டியது

(படவேட்டில் கூடிய தம்பதியர் கூட்டத்தில் சுகாதாரக் கல்வியாளர் பேசியது)



வாழைக்குத் தண்ணி கட்டுகிற நேரத்தை விட்டுவிட்டு வந்திருக்கிறீர்கள். புருஷனும் பெண்சாதியும் சேர்ந்து வர வேண்டும் என்று சொல்லியனுப்பினோம். பெரும்பாலோர் அப்படியே வந்திருப்பதில் சந்தோஷம். தனியாக வந்த அண்ணன்மார்கள் இங்கே கேட்டதை வீட்டில் போய்ச் சொல்லிவிட வேண்டும். சொல்லாமல் விட்டால் பாதிப் பேச்சுத்தான் பேசினதாக ஆகும்.

இன்றைக்கு எடுத்துக்கொண்ட விஷயம் மனச்சோர்வு மாத்திரை. "எங்க ஊட்ல யாருக்கும் பைத்தியம் இல்லீங்களே, எங்களுக்கு எதுக்கு?" என்று சிலர் நினைக்கலாம். மனச்சோர்வு பைத்தியம் அல்ல. ராத்திரி ரெண்டு மணிக்கே முழிப்பு வந்துவிடும். சோறு இறங்காது. பிள்ளை அழுதாலும் எழுந்திருக்க மனசு வராது. 'நான் எதுக்கு இருக்கேன்' என்று ஒரு நினைப்பு வந்து உட்கார்ந்துகொள்ளும். ரெண்டு வாரத்துக்கு மேல் இப்படியே இருந்தால் அது நோய். சர்க்கரை, ரத்தக்கொதிப்பு மாதிரி இதற்கும் சிகிச்சை உண்டு.

இது நம்ம பக்கத்தில் எவ்வளவு இருக்கிறது? வெகு தூரம் போக வேண்டாம். கண்ணமங்கலம் தாண்டி வேலூர் போகும் வழியில் கணியம்பாடி வட்டாரம் இருக்கிறதே, அங்கேயே கணக்கெடுத்தார்கள். வேலூர் சி.எம்.சி. மருத்துவர்கள் நிறைமாத கர்ப்பிணிகள் 359 பேரைப் பார்த்து, பிரசவமான பிறகும் போய் விசாரித்து, 2002-ல் அதை வெளியிட்டார்கள். பிள்ளை பெற்ற ஆறு வாரத்திலிருந்து பன்னிரண்டு வாரத்துக்குள் நூற்றுக்குப் பதினோரு பேருக்குப் புதிதாக மனச்சோர்வு வந்திருந்தது. ஒன்பது பச்சை உடம்புக்காரிகள் இருந்தால் அதில் ஒருத்தி என்று வைத்துக்கொள்ளுங்கள். காரணங்களையும் எழுதியிருக்கிறார்கள். வருமானம் போதாமை. ஆண்பிள்ளை வேண்டும் என்று காத்திருந்து பெண் பிறந்தது. மாமியாரோடும் தாய் தகப்பனோடும் மனஸ்தாபம். கர்ப்ப காலத்தில் வந்த கஷ்ட நஷ்டம். கூடமாட ஒத்தாசைக்கு ஆள் இல்லாமை. இதில் எது நமக்குத் தெரியாத சங்கதி, சொல்லுங்கள்.

இந்த நோய் வந்தவருக்கு டாக்டர் மாத்திரை எழுதிக் கொடுக்கிறார். இனிமேல்தான் நம்ம வீடுகளில் நடக்கும் கூத்து. மருமகளுக்குக் கொடுத்த மாத்திரை நாலு மிச்சம் இருக்கும். பத்தாவதில் பெயிலாகிவிட்டு மூலையில் உட்கார்ந்திருக்கும் பையனுக்கு அதில் ஒன்று. மாமனாருக்குக் கால் எரிச்சலுக்கென்று எழுதிக் கொடுத்த அமிட்ரிப்டிலின் டப்பாவில் இருந்து, தூக்கம் வராத மருமகளுக்கு ஒன்று. 'ஒரே மனக்கஷ்டம், ஒரே மாத்திரை' என்று கணக்குப் போட்டுவிடுகிறோம்.

படவேட்டுக்காரர்களுக்கு வாழையைப் பற்றி நான் பாடம் எடுக்கக்கூடாது. ஆனாலும் ஒன்று கேட்கிறேன். குலை தள்ளின மரத்துக்கு வைக்கிற உரத்தை அதே அளவில் நேற்று நட்ட கன்றுக்கு வைப்பீர்களா? வைத்தால் கன்று என்ன ஆகும் என்று உங்களுக்குத் தெரியும். மூளைக்கும் கன்றுப் பருவம், குலை தள்ளும் பருவம், சாயும் பருவம் உண்டு. ஒரே மாத்திரை மூன்று பருவத்திலும் மூன்று விதமாக வேலை செய்யும். இதைப் பல வருஷமாக எலியையும் சுண்டெலியையும் வைத்து ஆராய்ந்து பார்த்திருக்கிறார்கள்.

எலியை எதற்கு வைத்துப் பார்க்க வேண்டும் என்று கேட்பீர்கள். மனிதன் வளர்ந்து கிழவனாக அறுபது எழுபது வருஷம். எலிக்கு ரெண்டு, மூன்று வருஷத்தில் எல்லாம் முடிந்துவிடும். மூன்று வாரத்தில் பால்குடி மறக்கும். ஐந்தாறு வாரத்தில் நம்ம பையன்களுக்கு மீசை அரும்புகிற மாதிரியான பருவம். ரெண்டு வயசு எலி என்றால் திண்ணையில் உட்கார்ந்திருக்கும் தாத்தா. ஒரு ஆராய்ச்சியாளர் தன் சர்வீசுக்குள்ளேயே பிறப்பிலிருந்து கிழப்பருவம் வரைக்கும் பல தடவை பார்த்துவிட முடியும்.

எலிக்கு வருத்தமா, சந்தோஷமா என்று எப்படித் தெரியும்? நல்ல கேள்வி. வாயைத் திறந்து அது சொல்லாது. அதனால் நடத்தையைப் பார்க்கிறார்கள். 1977-ல் போர்சோல்ட் என்கிற ஆராய்ச்சியாளர் ஒரு வழி சொன்னார். ஏற முடியாத கண்ணாடி ஜாடியில் தண்ணீர் ஊற்றி எலியை விடுவது. முதலில் அது தப்பிக்க ஓயாமல் நீந்தும், சுவரைப் பிராண்டும். கொஞ்ச நேரத்தில் 'இனி ஆகாது' என்பது போல மூக்கை மட்டும் மேலே வைத்துக்கொண்டு அசையாமல் மிதக்கும். அப்புறம் எடுத்துத் துடைத்துவிடுவார்கள். மனச்சோர்வு மருந்து கொடுத்த எலி அசையாமல் மிதக்கும் நேரம் குறைகிறது, இன்னும் கொஞ்சம் போராடுகிறது. இன்னொரு சோதனையும் உண்டு. கூட்டல் குறி மாதிரி உயரமான ஒரு மேடை. ரெண்டு கைக்குச் சுவர் இருக்கும், ரெண்டு கை திறந்திருக்கும். பயந்த எலி சுவருக்குள்ளேயே பதுங்கும். தைரியமுள்ளது திறந்த பக்கம் போய் எட்டிப் பார்க்கும்.

இதில் ஒரு விஷயத்தை மறைக்கக்கூடாது. தண்ணீரில் மிதக்கிற எலியும் கந்துக்கடைக்காரன் வாசலில் நின்றதால் படுத்துக்கொண்ட மனுஷனும் ஒன்றல்ல. இந்தத் தண்ணீர்ச் சோதனை சரியான அளவுகோல்தானா என்று ஆராய்ச்சியாளர்களுக்குள்ளேயே சண்டை இருக்கிறது. பல இடங்களில் விட்டுவிடவும் செய்கிறார்கள். அதனால் எலி செய்ததை மனிதர் மேல் அப்படியே ஒட்டவைக்கக் கூடாது. மனிதரிடம் பார்த்ததோடு பொருந்துகிறதா என்று சரிபார்த்துக்கொண்டுதான் பேச வேண்டும்.

இப்போது பருவம் பருவமாகப் பார்ப்போம். முதலில் வளர்கிற பிள்ளைகள்.

மனச்சோர்வுக்கு முதன்முதலில் வந்த மருந்துகளில் ஒன்று இமிப்ரமின். சுவிட்சர்லாந்து மருத்துவர் ரோலண்ட் கூன் அதன் குணத்தைக் கண்டு 1957-ல் எழுதினார். அமிட்ரிப்டிலினும் அந்த வகைதான். பெரியவர்களுக்கு அது நல்ல மருந்து, எத்தனையோ பேரை எழுப்பி உட்காரவைத்திருக்கிறது. அதே மருந்தைப் பிள்ளைகளுக்கும் கொடுத்துப் பார்த்தார்கள். 1995-ல் பன்னிரண்டு ஆய்வுகளை ஒன்றாகச் சேர்த்துக் கணக்குப் பார்த்ததில், வெறும் மாவு மாத்திரை சாப்பிட்ட பிள்ளைகளைவிட இவர்கள் பெரிதாகத் தேறவில்லை என்று தெரிந்தது. ஏன் என்று யாருக்கும் புரியவில்லை.

அமெரிக்காவில் நெப்ராஸ்கா பல்கலைக்கழகத்தார் இதை எலியிடம் கேட்டார்கள். 21 நாள் குஞ்சுகளுக்கு ஒரு பக்கம் பழைய வகை மருந்து, இன்னொரு பக்கம் செரோடோனின் மேல் வேலை செய்யும் புதிய வகை மருந்து. 2008-ல் வெளியிட்டார்கள். புதிய வகை குஞ்சுகளிடம் வேலை செய்தது, பழைய வகை செய்யவில்லை. வளர்ந்த எலியிடம் ரெண்டுமே வேலை செய்யும். நம்ம பிள்ளைகளிடம் கண்டதும் இதுவேதான். அவர்கள் சொன்ன காரணத்தை ஊர்ப் பாஷையில் சொல்கிறேன். மூளையில் சேதி கொண்டுபோகும் வாய்க்கால்கள் பல. செரோடோனின் வாய்க்கால் சீக்கிரம் வெட்டி முடிந்துவிடுகிறது. நார் அட்ரினலின் வாய்க்கால் முதிர நாளாகிறது. பழைய மருந்துகளில் பல இந்த ரெண்டாவது வாய்க்காலை நம்பியே இருக்கின்றன. வாய்க்காலே வெட்டாத இடத்தில் மதகைத் திறந்தால் என்ன பாயும்?

அதனால் தாத்தாவின் அமிட்ரிப்டிலினைப் பையனுக்குக் கொடுப்பதில் மனச்சோர்வுக்கு ஆதாயம் இல்லை. ஆபத்து மட்டும் நிறைய. அளவு மீறினால் இதயத்தையே நிறுத்தக்கூடிய மாத்திரை அது. சின்னக் குழந்தை கையில் கிடைத்தால் சில மாத்திரையே போதும். உப்பு, புளி டப்பாவோடு அடுக்காதீர்கள். பூட்டி வையுங்கள்.

சரி, புதிய வகை மருந்து பிள்ளைகளிடம் வேலை செய்கிறதே, தாராளமாகக் கொடுக்கலாமா? இதற்கு என் சொந்த அனுபவம் ஒன்றைச் சொல்ல வேண்டும். சொல்ல எனக்குக் கஷ்டமாகத்தான் இருக்கிறது.

நான் சர்வீசில் சேர்ந்த புதிது. மலையடிவாரத்தில் ஒரு ஊர், பெயர் வேண்டாம். பதினேழு வயசுப் பையன். டாக்டர் பார்த்து மாத்திரை கொடுத்து மூன்று நாள்தான் ஆகியிருந்தது. அவன் அப்பா என்னைத் தேடி வந்தார். "ஐயா, பையன் தூங்கவே மாட்டேன்றான், உக்கார மாட்டேன்றான், வாசலுக்கும் கொல்லைக்குமா நடந்துக்கிட்டே இருக்கான்" என்றார். மருந்து பிடிக்க மூன்று வாரம் ஆகும் என்று நான் படித்திருந்தேன். "பிடிக்கிறதுக்கு நாளாகும், பயப்படாதீங்க, அடுத்த முகாமுக்குக் கூட்டிட்டு வாங்க" என்று சொல்லி அனுப்பிவிட்டேன். மறுநாள் சாயங்காலம் அவன் பூச்சி மருந்து டப்பாவைக் கையில் எடுத்துவிட்டான். மாட்டுக்குத் தண்ணி காட்ட வந்த அவன் அம்மா பார்த்துத் தட்டிவிட்டதால் பிழைத்தான். அப்புறம் டாக்டர் மருந்தை மாற்றி, வாரா வாரம் பார்த்து, நல்லபடியாகத் தேறினான். அவன் அப்பா என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தால் தேவலை.

2004-ல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை ஒரு கணக்கைப் பார்த்தது. 24 ஆய்வுகள், 4,400-க்கும் மேற்பட்ட பிள்ளைகள். மனச்சோர்வு மருந்து சாப்பிட்டவர்களில் நூற்றுக்கு நாலு பேருக்கும், மாவு மாத்திரை சாப்பிட்டவர்களில் நூற்றுக்கு ரெண்டு பேருக்கும் தற்கொலை எண்ணமோ முயற்சியோ புதிதாக வந்திருந்தது. அந்த ஆய்வுகளில் உயிரிழந்தவர் ஒருவரும் இல்லை. ஆனாலும் மருந்துப் பெட்டியில் கறுப்புக் கட்டம் போட்டு எச்சரிக்கை அச்சிடச் சொன்னார்கள். 2007-ல் அதை 24 வயசு வரைக்கும் நீட்டினார்கள். அதே கணக்கில் 25-க்கு மேல் இந்த ஆபத்து கூடவில்லை, 65-க்கு மேலோ குறையவே செய்தது. வயசு செய்யும் வித்தியாசத்தைப் பாருங்கள். அந்தச் செய்தியைப் படித்தபோது எனக்கு ஞாபகம் வந்தது அந்தப் பையனின் முகம்.

இதைக் கேட்டுவிட்டு மாத்திரையே வேண்டாம் என்று யாரும் எழுந்து போய்விடக்கூடாது. சிகிச்சை இல்லாத மனச்சோர்வே பெரிய ஆபத்து. இருபத்தைந்து வயசுக்குள் இருக்கும் பிள்ளைக்கு டாக்டர் மாத்திரை தொடங்கினால் முதல் நாலு வாரம் வீட்டில் ஒருவர் கூடவே இருக்க வேண்டும், அவ்வளவுதான். அளவைக் கூட்டும்போதும் அப்படியே. தூக்கமில்லாமல் அலைந்தால், எரிந்து விழுந்தால், சாவைப் பற்றிப் பேசினால், அடுத்த முகாம் வரைக்கும் காத்திருக்க வேண்டாம். அன்றைக்கே டாக்டரிடம் போங்கள். வயலுக்கு அடிக்கும் மருந்தை வீட்டிலேயே வைக்காதீர்கள். வைத்தே ஆக வேண்டும் என்றால் பூட்டு, சாவி அம்மாவின் முந்தானையில். ஒருவேளை விபரீதம் நடந்துவிட்டால் போலீஸ் கேஸ் ஆகுமோ என்று பயந்து வீட்டு வைத்தியம் செய்துகொண்டு நிற்காதீர்கள். 2017-ல் வந்த மனநலப் பராமரிப்புச் சட்டம் அப்படிப்பட்டவரை மன வேதனையில் இருப்பவராகத்தான் பார்க்கச் சொல்கிறது, தண்டிக்கச் சொல்லவில்லை. 108-க்குப் போன் போடுங்கள்.

இனி தாய்மார்கள் ரொம்பக் கவனிக்க வேண்டிய இடம். கைக்குழந்தையின் மூளை.

மும்பையில் டாடா அடிப்படை ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. அங்கே விதிதா வைத்யா என்கிற அம்மையார் பல வருஷமாக இதை ஆராய்ந்துவருகிறார். 2015-ல் மத்திய அரசின் பட்நாகர் விருது வாங்கியவர். அவர் குழுவினர் பிறந்து ரெண்டாம் நாளிலிருந்து இருபத்தோராம் நாள் வரை எலிக்குஞ்சுகளுக்கு ஃப்ளுவாக்செட்டின் என்கிற மாத்திரை மருந்தைக் கொடுத்தார்கள். அப்புறம் நிறுத்திவிட்டார்கள். குஞ்சு வளர்ந்து பெரிசான பிறகு சோதித்தால், மருந்து நின்று எத்தனையோ நாள் ஆகியும், அந்த எலிகள் அதிகம் பயந்தன. திறந்த மேடைக்கு வர மறுத்தன. தண்ணீரில் சீக்கிரமே சோர்ந்து மிதந்தன. சோர்வைப் போக்க வேண்டிய மருந்தே சோர்வை விதைத்துவிட்டது! நியூயார்க்கில் கொலம்பியா பல்கலைக்கழகத்தார் 2004-ல் சுண்டெலியிடம் இதே மாதிரிக் கண்டிருந்தார்கள். மும்பைக் குழு 2014-ல் இன்னும் ஒரு படி போனது. செரோடோனினை வாங்கிக்கொள்ளும் வாசல்கள் மூளையில் பல வகை. அதில் ஒரு வகையை அதே நாட்களில் அடைத்துவிட்டால் இந்தப் பயம் வரவில்லை என்று காட்டினார்கள்.

இன்னொரு வேடிக்கை. அதே குழு, அதே மருந்தைக் கொஞ்சம் வளர்ந்த குட்டிக்கு, இருபத்தெட்டாம் நாளிலிருந்து நாற்பத்தெட்டாம் நாள் வரை கொடுத்தபோது பலன் நேர்மாறாக வந்தது. அவை வளர்ந்த பிறகு பயம் குறைந்திருந்தது. நடுவில் ஒரு வாரம்தான் வித்தியாசம், எலிக் கணக்கில்.

காரணம் இதுதான். வளர்ந்த மூளையில் செரோடோனின் தபால்காரர் மாதிரி, சேதி கொண்டுபோகும். பிறந்த மூளையில் அதுவே கொத்தனார். எந்த நரம்பு எங்கே போய்ச் சேர வேண்டும் என்று கட்டிக்கொண்டிருக்கும். வீடு கட்டி முடிந்த பிறகு தபால்காரர் ரெண்டு தடவை வந்தால் ஒன்றும் கெட்டுவிடாது. சுவர் எழும்பும்போது கொத்தனார் ஒன்றுக்கு ரெண்டாகக் கல் வைத்தால் சுவர் கோணிவிடும்.

இந்தச் செய்தியைப் பாதி கேட்டுவிட்டுப் போனால் கெடுதல். எனக்குத் தெரிந்த ஒருவர் எங்கேயோ பாதி படித்துவிட்டு, பிள்ளை பெற்றிருந்த மனைவியின் மாத்திரையைக் கிணற்றடியில் கொட்டிவிட்டார். "பிள்ளை மூளை கெட்டுடும்" என்றார். அந்த அம்மா பத்து நாளில் மறுபடி படுத்துவிட்டார். குழந்தைக்குப் பால் கொடுக்க ஆள் இல்லை. யாருக்கு நன்மை செய்தார், சொல்லுங்கள்.

ஆகவே மீதிப் பாதியையும் கேளுங்கள். மும்பையில் மருந்தைக் குஞ்சுக்கே நேராகக் கொடுத்தார்கள், தாய்ப்பால் வழியாக அல்ல. தாய் சாப்பிடும் மாத்திரையில் பாலுக்குப் போவது கொஞ்சம்தான். செர்ட்ராலின் என்னும் மாத்திரை மிக மிகக் குறைவாகவே போகிறது. பால் கொடுக்கும் தாய்க்கு டாக்டர்கள் அதை விரும்பி எழுதுவது அதனால்தான். கர்ப்பத்தில் சாப்பிட்டால் மருந்து கருவுக்குப் போவது உண்மை. பிறந்த குழந்தைக்குச் சில நாள் நடுக்கமோ சிணுங்கலோ மூச்சுத் திணறலோ வரலாம். அதனால் பிரசவத்தை ஆஸ்பத்திரியில் வைத்துக்கொள்ள வேண்டும், மாத்திரை சாப்பிட்டதை நர்சம்மாவிடம் மறைக்காமல் சொல்ல வேண்டும். பிள்ளையின் பிற்கால வளர்ச்சியைப் பற்றிப் பல நாட்டில் பார்த்திருக்கிறார்கள். ஒரே தாய் மாத்திரையோடு பெற்ற பிள்ளையையும் மாத்திரை இல்லாமல் பெற்ற பிள்ளையையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோது, முதலில் பெரிதாகத் தெரிந்த வித்தியாசம் பெரும்பாலும் மறைந்துபோனது. தாயின் நோயும் குடும்பத்தின் கஷ்டமும் செய்த வேலை மருந்தின் கணக்கில் ஏறியிருந்தது.

மாத்திரை வேண்டுமா வேண்டாமா, எந்த மாத்திரை, எவ்வளவு என்பதைத் தராசில் வைத்துப் பார்க்க வேண்டியவர் டாக்டர். லேசான சோர்வு என்றால் பேச்சு சிகிச்சையும் வீட்டார் ஒத்தாசையுமே போதும் என்று அவரே சொல்லுவார். நீங்கள் செய்ய வேண்டியது வேறு. அடுத்த பிள்ளைக்குத் திட்டமிடும்போதே, கரு தரிக்கும் முன்னாலேயே, 'நான் இந்த மாத்திரை சாப்பிடுகிறேன்' என்று சொல்லிவிடுங்கள். பிள்ளைக்குப் பிள்ளை மூன்று வருஷம் இடைவெளி விடச் சொல்லி நாங்கள் தொண்டை வறளச் சொல்கிறோமே, உடம்பு தேற மட்டும் அல்ல, மனசு தேறவும் அந்த நாள் வேண்டும். மாத்திரையைத் திடீரென்று நிறுத்துவது எந்த வயசிலும் கூடாது. தலைசுற்றல், எரிச்சல், தூக்கமின்மை என்று வரும், நோயும் திரும்பிவிடும்.

புருஷன்மார்களுக்கு ஒரு வார்த்தை. கணியம்பாடிக் கணக்கை மறுபடி நினைத்துப் பாருங்கள். ஒத்தாசை இல்லாதது ஒரு காரணம் என்று எழுதியிருக்கிறது. ராத்திரி பிள்ளை அழுதால் ஒரு தடவை நீங்கள் எழுந்து தூக்குங்கள். பெண்பிள்ளை பிறந்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டு டீக்கடைக்குப் போகிறீர்களே, அதற்கு எந்த மாத்திரையும் ஈடு செய்யாது. பெண்ணா ஆணா என்பது உங்கள் விந்தில் இருந்து வருகிறது என்று போன தடவையே படம் போட்டுக் காட்டினேன். மாத்திரை சாப்பிடுகிறவர் நீங்களாக இருந்தால் சாராயம் கூடாது. ரெண்டும் சேர்ந்தால் என்ன ஆகும் என்று சோதித்துப் பார்க்க வேண்டாம்.

கடைசியாகப் பெரியவர்கள். இதைச் சுருக்கமாகவே சொல்லலாம்.

சுண்டெலி மூளையில் ஞாபகத்துக்கென்று உள்ள பகுதியில் புதிய நரம்பணுக்கள் முளைத்துக்கொண்டே இருக்கும். மனச்சோர்வு மருந்து இந்த முளைப்பைக் கூட்டும். அமெரிக்காவில் 2003-ல் இந்த முளைப்பைத் தடுத்துவிட்டுப் பார்த்தார்கள். மருந்தின் பலனும் குறைந்துபோனது. 2009-ல் வேறு ஒரு குழு வயசான சுண்டெலிக்கு ஃப்ளுவாக்செட்டின் கொடுத்துப் பார்த்தது. இளசுக்கு முளைப்பு கூடியது, கிழத்துக்குக் கூடவில்லை. மனிதர்களில் கிழவர்களுக்கு மருந்து வேலை செய்யாது என்று இதற்கு அர்த்தம் அல்ல. வேலை செய்கிறது. ஆனால் நாளெடுக்கும், சிலருக்கு அரைகுறையாகப் பிடிக்கும். "நாலு வாரமாச்சு, ஒண்ணும் காணோம்" என்று தாத்தா தூக்கிப்போட்டால், இன்னும் கொஞ்சம் பொறுக்கச் சொல்லி டாக்டரிடம் கூட்டிப்போங்கள்.

பலன் மெதுவாக வந்தாலும் பக்கவிளைவு வேகமாக வரும் வயசு அது. ஈரலும் சிறுநீரகமும் மருந்தை வெளியேற்ற நாளாகும். அமிட்ரிப்டிலின் வகையில் வாய் உலரும், மலம் கட்டும், மூத்திரம் அடைக்கும், எழுந்ததும் தலை சுற்றும். விடியற்காலையில் கொல்லைக்குப் போக எழுந்து விழுந்து இடுப்பு முறிந்தவர்கள் உண்டு. படுக்கையில் உட்கார்ந்து, கொஞ்ச நேரம் பொறுத்து, அப்புறம் எழுந்திருக்கச் சொல்லுங்கள். புதிய வகை மாத்திரையில் ரத்தத்தில் உப்புச் சத்து குறைந்துவிடலாம். ரத்தக்கொதிப்புக்கு நீர் பிரியும் மாத்திரையும் சாப்பிடுகிறவருக்கு இது சீக்கிரம் நடக்கும். திடீரென்று குழம்பிப் பேசினால் 'வயசாச்சு' என்று விட்டுவிடாமல் ரத்தம் பார்க்கச் சொல்லுங்கள். டாக்டர் பெரியவர்களுக்குப் பாதி அளவில் தொடங்குவார். 'எனக்கு மட்டும் ஏன் அரை மாத்திரை?' என்று சில தாத்தாக்கள் கோபித்துக்கொள்கிறார்கள். அது கஞ்சத்தனம் இல்லை.

ரேணுகாம்பாள் கோயிலுக்கு ஆடி மாதம் வேண்டிக்கொண்டு வருகிறவர்களை நான் தடுக்கமாட்டேன். என் மனைவியும் வருகிறவள்தான். கோயிலுக்கும் போங்கள், ஆஸ்பத்திரிக்கும் போங்கள். 'காத்து பட்டுடுச்சு' என்று கட்டிவைத்து அடிப்பது மட்டும் வேண்டாம்.

எங்கே போவது என்று கேட்பீர்கள். முதலில் நம்ம ஆரம்ப சுகாதார நிலையம். கிராம சுகாதார செவிலியரிடம் சொன்னாலும் போதும், வழி காட்டுவார். மாவட்ட மனநலத் திட்டத்து மருத்துவர் எந்த நாளில் எங்கே வருகிறார் என்று அங்கேயே கேட்டுக்கொள்ளலாம். பெரிய இடம் வேண்டுமானால் திருவண்ணாமலை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை. வேலூர்ப் பக்கம் பாகாயத்தில் 1957-லிருந்து சி.எம்.சி. மனநல மையம் நடக்கிறது. அங்கே நோயாளியோடு வீட்டார் ஒருவரும் தங்கிக் கவனிக்கும் வழக்கம் ஆரம்பத்திலிருந்தே உண்டு. ராத்திரி நேரம், வண்டி இல்லை, பேச ஆள் வேண்டும் என்றால் 14416 என்ற எண்ணுக்குப் போன் போடுங்கள். 2022-லிருந்து நடக்கும் அரசு மனநல உதவி எண் அது. காசு கிடையாது, தமிழிலேயே பேசுவார்கள், எந்த நேரமும் எடுப்பார்கள்.

போகும்போது மூன்றைக் கையோடு எடுத்துப்போங்கள். பழைய சீட்டு, வீட்டில் யார் யார் என்ன மாத்திரை சாப்பிடுகிறார்கள் என்ற விவரம், அப்புறம் நோயாளியின் சரியான வயசு. "ஒரு முப்பது இருக்கும்ங்க" என்று உத்தேசமாகச் சொல்லாதீர்கள். ஆதார் அட்டையைப் பார்த்துச் சொல்லுங்கள். கர்ப்பமா, பால் கொடுக்கிறாரா என்பதை டாக்டர் கேட்க மறந்தாலும் நீங்கள் சொல்ல மறக்காதீர்கள்.

இப்போது நர்சம்மா உங்களுக்கு மோர் கொடுப்பார். கேள்வி இருந்தால் கேளுங்கள். கூட்டத்தில் கேட்கக் கூச்சமாக இருந்தால் வெளியே புங்கமரத்தடியில் நான் உட்கார்ந்திருப்பேன், புருஷன் பெண்சாதியாக வந்து கேட்கலாம்.